அமைதி அறைக்கு ஒரு திறப்பு விழா

போன வாரம் ரக்ஷிதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த கல்லூரியில் என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான்.

"மேம், ரெண்டே பக்கம். நம்ம சப்போர்ட் செல் எப்படி ஆரம்பிச்சது, ப்ரொசீஜர் என்ன, அவ்வளவுதான். புது பில்டிங்குக்கு மாறுறோம் இல்லையா, சுவத்துல மாட்டணும். பாயின்ட் பாயின்டா இருந்தா போதும்."

"வேற?"

"பழைய ஃபைல் முதல் பக்கத்துல பச்சை மையில 'திறப்பு விழா ஆகாது'ன்னு லீலாவதி மேடம் எழுதி வெச்சிருக்காங்க. அது எதுக்கு மேம்? இப்ப புது ரூம் திறக்கலாமா கூடாதா?"

முப்பது வருடம் பாயின்ட் பாயின்டாக எழுதியவள் நான். பார்வையில் காணும் கடிதம், இத்துடன் இணைத்துள்ள நகல், தங்கள் மேலான உத்தரவுக்காக. ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பெங்களூர் காக்ஸ் டவுன் வீட்டுக்கு வந்ததே, இனியாவது ஒரு வாக்கியத்தை அது போகிற இடம் வரைக்கும் போகவிடலாம் என்றுதான். ஆகவே இது ரெண்டு பக்கத்தில் நிற்காது. சுவரில் மாட்டவும் முடியாது. ஆனால் அந்தப் பச்சை மைக்கு இதில் பதில் இருக்கிறது. ரக்ஷிதா என்னிடம் முன்பொரு நாள் கோபமாகக் கேட்டு நான் மழுப்பிய இன்னொரு கேள்விக்கும்.

வேலைக்குச் சேர்ந்தபோது டைப்பிஸ்ட். பிறகு ஃபீஸ் கவுன்டர், பிறகு ஸ்காலர்ஷிப், பிறகு பரீட்சை செக்‌ஷன். இருபத்தைந்து வருடத்தை ஒரு வரியில் முடித்துவிட்டேன், கவனித்தீர்களா? அவ்வளவுதான் அதற்கு மரியாதை. கடைசி ஐந்து வருடம்தான் கதை.

தர மதிப்பீட்டுக் குழு வருகிறது என்று கல்லூரி முழுக்கப் பெயின்ட் வாசனை வீசிய வருடம் அது. குழுவுக்கு அனுப்ப வேண்டிய படிவத்தை எடுத்துக்கொண்டு துணை முதல்வர் லீலாவதி மேடம் எங்கள் செக்‌ஷனுக்கே வந்துவிட்டார். மைசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். கன்டோன்மென்டில் வாழ்ந்து வாழ்ந்து தமிழை எங்களைவிட ஒழுங்காகப் பேசுவார், 'முடியாது' என்ற ஒரு சொல்லைத் தவிர. அதற்கு மட்டும் அவர் 'ஆகாது' என்பார். படிவத்தில் ஒரு கேள்வி: ஆட்டிசம் முதலிய நிலைகள் உள்ள மாணவர்களுக்குக் கல்லூரியில் ஆதரவுப் பிரிவு இருக்கிறதா? இருந்தால் பொறுப்பாளர் பெயர் என்ன?

மேடம் பேனா மூடியைக் கடித்தபடி சுற்றிலும் பார்த்தார். அறையில் நானும் ஒரு மேசை விசிறியும் இருந்தோம். விசிறிக்குப் பெயர் கிடையாது.

"ஸ்டெல்லா, உங்க இனிஷியல் என்ன?"

இப்படித்தான் நான் ஒரு பிரிவானேன். பொறுப்பாளரும் நானே, பிரிவும் நானே. பயிற்சி ஒரே நாள். ஒரு ஓட்டல் ஹாலில் நடந்தது, ஒரு பேடும் பேனாவும் கொடுத்தார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் சொன்னதையெல்லாம் குறித்துக்கொண்டேன். சாப்பாட்டுக்குப் பின்னால் என்ன சொன்னார்கள் என்று எனக்கும் தெரியாது, சொன்னவருக்கும் நினைவிருக்காது. குறித்ததில் ஒரு வரிக்கு இரண்டு கோடு போட்டிருந்தேன்: 'திடீர் மாற்றம் கூடாது. எதையும் முன்னதாகச் சொல்ல வேண்டும்.' கையெழுத்து அழகாக வந்திருந்தது. ஒரு வரியை அழகாக எழுதிவிட்டால் அதைக் கற்றுக்கொண்டுவிட்டதாக நினைக்கிற ஜாதி நான்.

என் பெயர் கல்லூரி வெப்சைட்டில் ஏறியது. அடுத்த ஜூன் மாதம், தூறல் விழுந்தும் விழாமலும் இருந்த ஒரு காலையில், அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு ஒருவர் வந்து நின்றார். சட்டைப் பையில் வெர்னியர் காலிபர். அடுகோடியில் லேத் பட்டறை வைத்திருப்பவர், ஆம்பூர்க்காரர், பெயர் சுந்தரம்.

"மேடம், இதுல ஸ்டெல்லான்னு போட்டிருக்கறது நீங்கதானா? இல்ல, அதுவும் சும்மாவா?"

"நான்தான். உட்காருங்க."

"எட்டு காலேஜ் பாத்துட்டேன் மேடம். எல்லா வெப்சைட்லயும் சப்போர்ட் இருக்குன்னு போட்டிருக்காங்க. போய்க் கேட்டா எல்லாரும் கூட்டிட்டுப் போய் ராம்ப் காட்டுறாங்க. வீல்சேர் ஏத்துற ராம்ப். என் பொண்ணு நல்லா நடக்குது மேடம். என்னைவிட வேகமாவே நடக்குது."

"வேற எதுவும் காட்டலையா?"

"ஒரு எடத்துல லிப்ட் காட்டினாங்க. இன்னொரு எடத்துல பரீட்சை எழுத ஆள் தரோம்னாங்க. ஆளா? அது எழுதுற வேகத்துக்கு அந்த ஆளுக்கே ஒரு ஆள் வேணும்."

அவருக்குப் பின்னால் கயல்விழி நின்றிருந்தாள். பி.எஸ்ஸி. புள்ளியியலுக்கு மார்க்கிலேயே இடம் கிடைத்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. மேசை விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு சுத்துக்கு ஒரு தடவை கிளிக்குங்குது," என்றாள்.

பன்னிரண்டு வருடம் அந்த விசிறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அன்றுவரை எனக்கு அது கேட்டதில்லை. அன்றிலிருந்து அது கேட்காமல் இருந்ததே இல்லை.

"கயலு, மேடத்துக்கு வணக்கம் சொல்லு," என்றார் சுந்தரம்.

"விசிறியை நிறுத்தினதும் சொல்றேன்."

நிறுத்தினேன். சொன்னாள்.

சுந்தரம் கிளம்பும்போது வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார். "ப்ளஸ் டூ வரைக்கும் அவ அம்மா ஸ்கூல் வாசல்லயே உக்காந்திருந்தா மேடம். இப்ப அவ இல்ல. இந்தக் காலேஜ் ஒத்து வரலன்னா வீட்ல வெச்சுக்கன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டாங்க. இது ஒண்ணுதான் சான்ஸு. உங்கள நம்பித்தான் உடறேன்."

நம்பாதீர்கள், நான் ஒரு படிவத்தில் நிரப்பிய பெயர் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் போன பிறகு பேடைத் தேடினேன், மேசை டிராயரில், பிஸ்கட் தூளுக்கு அடியில் கிடைத்தது.

முதல் தொல்லை வருகைப் பதிவில் வந்தது. எங்கள் கல்லூரியில் ஒவ்வொரு வகுப்புக்கும் எண் கூப்பிடுவார்கள். 'நாற்பத்தொன்று' என்றால் 'பிரசன்ட் சார்' என்று வர வேண்டும், அடுத்த எண் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அறுபது பேர், ஒன்றரை நிமிடம். கயல்விழிக்கு அந்த வேகத்தில் குரல் வராது. முதல் வரிசையில் உட்கார்ந்தபடி ஒரு மாதம் முழுக்க ஆப்சென்ட் ஆகியிருந்தாள். புள்ளியியலுக்குக் கூப்பிட்ட கெஸ்ட் லெக்சரர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கினதே இல்லை. எனக்கு விஷயம் தெரிவதற்குள் அவர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு மூடிவிட்டு வேறு கல்லூரிக்குப் போயிருந்தார். மூடிய பதிவேட்டில் யாரும் பேனா வைக்க முடியாது. சரி, ஒரு மாதம்தானே, தாங்கும் என்று விட்டுவிட்டேன்.

"பேசாம வேற என்ன பண்ண முடியும் உன்னால?" என்று அவளையே கேட்டேன்.

யோசித்தாள். "பென்சிலைத் தூக்கலாம்."

மஞ்சள் பென்சில். 'நாற்பத்தொன்று' என்றால் அது உயரும். ஒரே வாரத்தில் கடைசி வரிசைப் பையன்கள் பன்னிரண்டு பேர் மஞ்சள் பென்சில் வாங்கிவிட்டார்கள். கணக்கு லெக்சரர் என்னிடம் வந்து, "ஸ்டெல்லா மேடம், என் கிளாஸ் ஏலக்கடை மாதிரி இருக்கு," என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பென்சிலில் ஒரு பிரச்சினையைத் தீர்த்தவள் அடுத்ததாக என்ன செய்வாள்? ஒரு அறை கேட்பாள்.

கேட்டேன். இரண்டாம் மாடி மூலையில் பழைய சைக்ளோஸ்டைல் மெஷின் செத்துக் கிடந்த அறை. மெஷினை எடைக்குப் போட்டோம். மினுக்கும் டியூப்லைட்டைக் கழற்றினோம். கயல்விழி இரண்டு நாள் அறையில் உட்கார்ந்து எங்கள் வேலைக்குத் தீர்ப்புச் சொன்னாள். ஜன்னல் கொக்கி ஆடுகிறது. நாற்காலிக்கால் கீறுகிறது. அட்டெண்டர் முனிராஜு நாற்காலிக்கால்களுக்குப் பழைய டென்னிஸ் பந்துகளை வெட்டி மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மழைமரம், அதன் நிழல் சுவரில் மெல்ல மேய்ந்துகொண்டே இருக்கும். மதியம் அந்த அறைக்குள் போனால் யாரோ நம் பெயரை மறந்துவிட்டது போல ஒரு சுகம். கதவில் 'அமைதி அறை' என்று கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் பலகை மாட்டினோம். வகுப்பு அதிகமாக இரைந்தால் கயல்விழி பத்து நிமிடம் இங்கே வந்து உட்கார்ந்துவிட்டுத் திரும்பிப் போகலாம் என்பது ஏற்பாடு.

இங்கேதான் நான் விழுந்தேன்.

எங்கள் ஊரில், எங்கள் கல்லூரியில், ஒரு குடிநீர்க் குழாய் வைத்தாலும் திறப்பு விழா உண்டு. குத்துவிளக்கு, ஷால், மைசூர் பேட்டா தலைப்பாகை, மைக், நன்றியுரை. அந்தக் குழாயில் தண்ணீர் வராமல் போகலாம், விழா நடக்காமல் போகாது. அமைதி அறைக்கு மட்டும் விழா இல்லாவிட்டால் யாருக்கு மதிப்பு? பொறுப்பாளருக்குத்தானே குறை? நானே திட்டம் போட்டேன். ரிப்பன் வெட்ட லீலாவதி மேடம். முதல் ஆளாக உள்ளே நுழைய கயல்விழி. படிக்கட்டிலிருந்து கதவு வரைக்கும் கல்லூரி பேண்டு, இரண்டு பெரிய டிரம், நான்கு சின்ன டிரம், ஒரு டிரம்பெட்.

முனிராஜு மட்டும் கேட்டார். "மேடம், சத்தம் ஆகக் கூடாதுங்கற ரூமுக்கு பேண்டு யாக்கே, எதுக்கு?"

"விழா பத்து நிமிஷம்தான் முனிராஜு."

"அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டீங்களா?"

"இல்லப்பா. சர்ப்ரைஸ்."

இரண்டு கோடு போட்ட வரி அப்போது என் டிராயரில் இருந்தது.

'அறைக்கு வா' என்று மட்டும் அவளுக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தாள். ஷால் போர்த்திய மேடம் கத்தரியை எடுத்தார். நான் பேண்டு மாஸ்டருக்குக் கை காட்டினேன். அந்தக் குறுகின வராந்தாவில் ஆறு டிரம்மும் ஒரே நொடியில் விழுந்தன. கைதட்டினோம். போட்டோ எடுத்தோம். 'இப்போது நம் மாணவி கயல்விழி' என்று மைக்கில் சொல்லித் திரும்பினால் கயல்விழி இல்லை. பாத்ரூம் போயிருப்பாள் என்றார்கள். நன்றியுரையை நடத்தி முடித்தோம். கேசரி நன்றாக இருந்தது.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கு மறுநாளும். சுந்தரத்துக்கு போன் போட்டேன்.

"தினம் காலையில நான்தானே மேடம் டி.வி.எஸ்.ல கொண்டாந்து கேட்டுல உடறேன். சாயங்காலம் நான்தானே கூட்டிட்டுப் போறேன். சாப்பாட்டு டப்பா காலியாத்தான் வருது."

ஆள் கேட் வரைக்கும் வருகிறாள், வகுப்பில் இல்லை. லைப்ரரி, கேன்டீன், சேப்பல் எல்லாம் தேடினேன். பதினாறு வேலை நாள் இப்படிப் போனது. வருகைக் குறைவுப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுகிற நாள் வந்தது. நானே டைப் அடித்து நானே ஒட்ட வேண்டிய பட்டியல். நாற்பத்தொன்று: புள்ளியியல் பாடத்தில், முதல் மாத ஆப்சென்ட்டையும் சேர்த்து, ஒன்பது மணி நேரம் குறைவு. ஹால் டிக்கெட் கிடையாது. எங்கள் கல்லூரியில் முதல் செமஸ்டருக்கே ஹால் டிக்கெட் இல்லையென்றால் அந்த வருடம் போச்சு. இந்தப் பெண்ணுக்கு ஒரு வருடம் போனால், சொந்தக்காரர்கள் சொன்னபடி, வீடுதான்.

குண்டூசியைக் குத்திக்கொண்டிருந்தபோது முனிராஜு பின்னால் நின்று பட்டியலைப் பார்த்தார்.

"இது நம்ம பென்சில் பொண்ணு அல்லவா மேடம்? தினம் எதிர் பஸ் ஸ்டாப்லதானே உக்காந்திருக்கு?"

"என்னது? எத்தனை நாளா?"

"ரெண்டு மூணு வாரமா இருக்கும்."

"ஏம்ப்பா சொல்லல?"

"பஸ் வரலைன்னு நெனச்சேன். மூணு வாரம் பஸ் வராதது நம்ம பெங்களூர்ல அதிசயமா மேடம்?"

சாலையை ஓடிக் கடந்தேன். பஸ் ஸ்டாப் பெஞ்சின் கடைசியில், தலைமேல் இளஞ்சிவப்புப் பூ மரம் ஒன்று கூச்சமில்லாமல் கொட்டிக்கொண்டிருக்க, கயல்விழி நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். காலை எட்டே முக்கால் முதல் மாலை நாலரை வரை கல்லூரியிலிருந்து வருகிற ஒவ்வொரு சத்தமும் நேரத்தோடு இருந்தது. மணி. ஜெனரேட்டர். அசெம்பிளிப் பாட்டு. ஆண்டு விழாவுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த பேண்டு, அதற்கு மட்டும் சிவப்பு மை.

"ஏம்மா உள்ள வரல?"

"பேண்டு எப்ப வரும்னு கண்டுபிடிச்சுட்டு வரலாம்னு இருந்தேன். பதினாறு நாள் டேட்டா எடுத்துட்டேன். பேட்டர்ன் இல்ல." நோட்டை மூடினாள். "பேண்டு மாஸ்டருக்கு ஒழுங்கே கிடையாது."

அன்று மாலை சுந்தரம் வந்ததும் என் மேசைக்கு அருகில் உட்கார்ந்தார். பிறகு கேட்டார். "வீட்டுக்குப் பின்னாடியே பட்டறை மேடம். பொறந்ததுல இருந்து லேத் சத்தத்துலதான் தூங்கும். அது ஒரே மாதிரி ஓடும், எப்ப நிக்கும்னு அதுக்குத் தெரியும். உங்க டிரம்மு எப்ப விழும்னு யாரு அதுகிட்ட சொன்னீங்க?"

யாரும் சொல்லவில்லை என்று சொன்னேன். சொல்லாமல் விட்டது நான்தான் என்பதைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக, பரீட்சை செக்‌ஷன் ஆள் எவரும் செய்வதைச் செய்தேன். குறைவு மன்னிப்புக்கான படிவத்தை எடுத்தேன். மூன்று பிரதி. காரணங்கள் இரண்டே: ஒன்று உடல்நலக் குறைவு, மருத்துவச் சான்றிதழோடு. இன்னொன்று கல்லூரிப் பணி, அதாவது விளையாட்டு, என்.சி.சி., பேண்டு. ஆமாம், பேண்டு. டிரம் அடித்த ஆறு பேருக்கும் அன்றைய வருகை முழுதாகக் கொடுத்திருந்தோம். டிரம்முக்கு ஓடியவளுக்குத்தான் ஆப்சென்ட்.

காக்ஸ் டவுனில் எனக்குத் தெரிந்த ஒரு டாக்டர் 'வைரல் ஃபீவர்' என்று எழுதித் தர ஒப்புக்கொண்டார். வருடத்துக்கு நாற்பது பேர் அப்படித்தான் வாங்குகிறார்கள். படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

கயல்விழி படித்தாள். "எனக்கு ஃபீவர் வரலயே."

"ஒரு ஃபார்மாலிட்டிம்மா."

"அப்ப ஃபார்மாலிட்டின்னு எழுதுங்க."

"கையெழுத்துப் போடு கயலு, மேடம் நமக்காகத்தானே பண்றாங்க," என்றார் சுந்தரம். குரல் கெஞ்சியது. "ஒரு வருசம் போயிடும்டா."

"போனா போகட்டும்பா. ஆனா எனக்கு ஃபீவர் வரல."

முறைப்பு இல்லை, பிடிவாதம் இல்லை. விசிறி கிளிக்கென்கிறது என்று சொன்ன அதே குரல். நான் படிவத்தை வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் எனக்குள் ஒரு பழைய வாக்கியம் உருண்டது. முப்பது வருடமாக எல்லாக் கடிதங்களிலும் நான் தவிர்த்த வாக்கியம்: தவறு எங்களுடையது.

மறுநாள் எழுதினேன். அனுப்புநர் நான், பெறுநர் துணை முதல்வர். மாணவி நாற்பத்தொன்று வகுப்புக்கு வராததற்குக் காரணம் கல்லூரி. முன்னறிவிப்பின்றி பேண்டு ஏற்பாடு செய்தவர் கீழே கையொப்பமிட்டவர். ஆதாரமாக விழாப் போட்டோவை இணைத்தேன். மூன்று வாரமாக நோட்டீஸ் போர்டில் தொங்கிய போட்டோ. கத்தரியும் சிரிப்புமாக எல்லோரும் இருக்கிறோம். வலது ஓரத்தில், டிரம்பெட்டுக்குப் பின்னால், இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு, கண்ணை இறுக்கி மூடி, சுவரோடு சுவராக ஒரு பெண். தினமும் அந்தப் போர்டைக் கடந்து போன யாரும் பார்க்கவில்லை. நான் என் புடவை நன்றாக விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன்.

லீலாவதி மேடம் ஃபைல் படிக்கிற விதம் தனி. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் படிப்பார். ஒருமுறை படித்துக் கவிழ்த்து வைப்பார். டம்ளரில் தண்ணீர் குடிப்பார். பிறகு கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கி மறுபடி. பச்சை மையில் மூன்றே குறிப்புகள் எழுதுவார்: 'பார்த்தேன்', 'ஆகாது', 'பேசவும்'. மூன்றாவதற்குத்தான் எல்லோரும் பயப்படுவார்கள்.

எனக்குப் 'பேசவும்' வந்தது.

"ஸ்டெல்லா, இந்த லெட்டர் ஃபைல்ல இருந்தா, நாளைக்குக் குழு வந்து பார்த்தா?"

"பார்ப்பாங்க மேடம்."

"உங்க சர்வீஸ் புக்குக்கு நல்லதில்லை."

"தெரியும் மேடம்."

போட்டோவைக் கையில் எடுத்தார். "இந்த ஷால் போட்டுக்கிட்டு நிக்கிறது நான்தானே?"

"ஆமா மேடம்."

"நான் எங்க பாத்துட்டு இருக்கேன்?"

"கேமராவை."

தண்ணீர் குடித்தார். "அந்தப் பொண்ணைக் கூப்பிடுங்க. நோட்டோட."

மேடம் அடிப்படையில் புள்ளியியல் ஆசிரியர். நிர்வாகத்துக்கு வந்து பத்து வருடமாகச் சாக்பீஸ் தொட்டிருக்கவில்லை. கயல்விழியின் நோட்டைப் புரட்டப் புரட்ட அவர் முகத்தில் இருந்த துணை முதல்வர் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து வெளியே போனார்.

"இதை யார் எழுதச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"நான் சொன்னதா வெச்சுக்கலாம். கல்லூரிச் சத்த ஆய்வு. கல்லூரிப் பணி. பதினாறு நாளும் வருகை கொடுத்துடலாம்." என்னைப் பார்த்தார், முடிந்தது பார் என்கிற பார்வை. எனக்கும் மூச்சு வந்தது.

"நீங்க சொல்லலயே," என்றாள் கயல்விழி. "பழைய தேதியில சொன்னா அது தப்பான டேட்டா."

மகளோடு வந்திருந்த சுந்தரத்தையும் சேர்த்து அறையில் நான்கு பேர் இருந்தோம். சுந்தரம் கண்ணை மூடிக்கொண்டார். பத்து வருடமாக அந்த அறையில் மேடத்திடம் யாரும் 'தப்பு' என்று சொன்னதில்லை. மேடம் நோட்டை மூடி, கவிழ்த்து வைத்து, தண்ணீர் டம்ளரைத் தேடினார். காலி.

"ஸ்டெல்லா, சரியான டேட்டா எப்படி வரும்?"

"ஒன்பது மணி நேரம் வகுப்பு நடந்தா வரும் மேடம். ஆனா லெக்சரர் இல்ல. புதுசா வந்தவங்களுக்கு ஹவர்ஸ் ஃபுல்."

"ஏன், நான் ஷால் போட்டுக்க மட்டும்தான் இருக்கேனா?"

இப்படித்தான் துணை முதல்வர் ஒருவர் ஒரே ஒரு மாணவிக்கு, இரண்டாம் மாடி மூலை அறையில், பதிவேடும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனார். வருகையை யுனிவர்சிட்டி போர்ட்டலில் ஏற்றக் கடைசி நாளுக்கு ஐந்து நாள் இருந்தது. நான்கு நாள் இரண்டிரண்டு மணி நேரம், கடைசி நாள் ஒன்று. பேண்டு மாஸ்டருக்கு ஒரு உத்தரவும் போனது: ஒத்திகை நேரத்தைக் காலையிலேயே கேட்டில் எழுதி வைக்க வேண்டும். 'இன்று சத்தம்: 11.10 முதல் 11.40 வரை.' முதலில் எல்லோரும் சிரித்தார்கள். பிறகு லைப்ரேரியன் அதைப் பார்த்து மாத்திரை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். தலைவலிக்காரர்கள் கல்லூரியில் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரிந்தது. என் கடிதத்தை மேடம் ஃபைலிலேயே வைத்தார். அதற்கு மேல், முதல் பக்கமாக, பச்சை மையில் அந்த ஒரு வரியையும்.

இனி ரக்ஷிதாவின் இன்னொரு கேள்வி. அப்போது அவள் புதிதாகச் சேர்ந்த டேட்டா என்ட்ரிப் பெண். கடைசி நாள் மதியம் கீழ்த்தளத்தில் கம்ப்யூட்டர் முன்னால் அவள் இருந்தாள். எட்டு மணி நேரம் ஏற்றியாகிவிட்டது. ஒன்பதாவது வகுப்பு இரண்டே முக்காலிலிருந்து மூன்றே முக்கால் வரை. போர்ட்டல் நான்கு மணிக்குப் பூட்டிக்கொள்ளும். பூட்டினால் ஹால் டிக்கெட் இல்லை. அன்று அவள் மேலே தொடர்ந்து போன் செய்தாள், நான் அவளைக் காக்க வைத்தேன். சாயங்காலம் கோபமாக மேலே வந்து, "ஏன் மேம் அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். முட்டி வலி, படி இறங்க முடியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது இது. வாழ்நாளில் நேரம் தவறாத லீலாவதி மேடம் அன்று தாமதமாக வந்தார். யாரோ டிரஸ்டி பிடித்துக்கொண்டார். பதினோரு நிமிடம். மேல்மூச்சு வாங்க அறைக்குள் போனார். கதவின் கண்ணாடிச் சதுரம் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றே முக்காலுக்கு மேடம் பாடத்தை முடித்துப் பதிவேட்டைத் திறந்தார். "நாற்பத்தொன்று."

பென்சில் உயரவில்லை.

"நாற்பத்தொன்று," என்றார் மறுபடி.

"இன்னும் பதினோரு நிமிஷம் இருக்கு மேம்," என்றாள் கயல்விழி.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கதவுச் சதுரத்தில் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன செய்ய? பேனாவை மூடினார். சொல்லித்தர எதுவும் மிச்சமில்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலி, எட்டு டென்னிஸ் பந்து, சுவரில் மழைமரத்தின் நிழல். இருவரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். அந்த அறை எதற்காகத் திறக்கப்பட்டதோ அது அன்றுதான் முதல்முதலாக அதில் நடந்தது.

என் உள்ளங்கையில் போன் அதிர்ந்தது. சத்தத்தை அணைத்திருந்தேன்.

"மேம், ஒன்பதாவது ஹவர் முடிஞ்சிருக்குமே. போட்டுடட்டுமா?"

"இரு," என்றேன், மூச்சால்.

மூன்று ஐம்பது. "மேம், போர்ட்டல் இப்பவே ஸ்லோவா இருக்கு. ஆள் உள்ளதானே இருக்காங்க? போட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

"உள்ள ஒருத்திக்குத் தெரியும். இரு."

படிக்கட்டின் திருப்பத்தில் முனிராஜு. அவருக்குக் கீழே, கேட்டுக்கு வெளியே, டி.வி.எஸ்.ஸில் உட்காராமல் அதைப் பிடித்துக்கொண்டு சுந்தரம். மூன்று ஐம்பத்து மூன்று. வைரல் ஃபீவர் படிவத்தை நிரப்பிய கைதானே இது என்று போனைப் பிடித்திருந்த கையைப் பார்த்தேன். 'போடு' என்று ஒரு சொல். முப்பது வருடத்தில் எத்தனை முறை சொன்ன சொல். ஐம்பத்து நான்கு. மரத்தில் ஒரு அணில் பாதி வழியில் நின்று யோசித்தது. ஐம்பத்தைந்து.

மூன்று ஐம்பத்தாறுக்கு மேடம் பேனாவைத் திறந்தார்.

"நாற்பத்தொன்று."

மஞ்சள் பென்சில் உயர்ந்தது.

"போடு," என்றேன்.